சட்டமும் விழிப்புணர்வும்: அமெரிக்காவில் பதின்ம வயதினரின் குடிபோதை ஓட்டுதலைக் குறைத்த வரலாறு (1971–2000)

ஆய்வுச் சுருக்கம்

1970களின் தொடக்கத்தில் அமெரிக்க மாநிலங்கள் பல மது வாங்கும் வயதைக் குறைத்தன. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் நாடு முழுவதும் அவ்வயது 21ஆக உயர்ந்தது. இம்மாற்றத்துக்கு இளைஞர்களின் சாலை இறப்புகளே முதன்மைக் காரணமாகக் காட்டப்பட்டன. சட்டம், நீதிமன்றம், தாய்மார் இயக்கம், பள்ளி, தொலைக்காட்சி ஆகியன இம்மாற்றத்தில் வகித்த பங்கினை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது. சட்டமும் விழிப்புணர்வும் தனித்தனி வழிகளாக அன்றி ஒன்றையொன்று தாங்கியே பயன் தந்தன என்பதும், நாடு தழுவிய கட்டுப்பாட்டின் முதற்சுமை பெரியவர்கள்மீது அன்றி இளைஞர்கள்மீதே வைக்கப்பட்டது என்பதும் இக்கட்டுரையின் முடிபுகளாகும்.

திறவுச்சொற்கள்: குடிபோதை ஓட்டுதல், பதின்ம வயதினர், மது வாங்கும் வயது, குருதி ஆல்ககால் அளவு, தாய்மார் இயக்கம், கூட்டாட்சி நிதி.

முன்னுரை

சாலை விபத்தை விதியின் செயலாகக் கருதும் மனப்பாங்கு எல்லாச் சமூகங்களிலும் இருந்துவந்துள்ளது. மது அருந்தியவர் ஓட்டிய வாகனத்தால் நேரும் இறப்பும் நெடுங்காலம் அவ்வாறே கருதப்பட்டது. அதனைத் தடுக்கக்கூடிய குற்றமாக மாற்றிப் பார்த்தது இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிகழ்ந்த பெரிய சமூக மாற்றங்களுள் ஒன்றாகும். 1982ஆம் ஆண்டில் அமெரிக்கச் சாலைகளில் 43,945 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் ஏறத்தாழ 21,000 பேரின் இறப்பு, மதுவால் ஓட்டும் திறன் குன்றிய ஓட்டுநர்கள் தொடர்புடைய விபத்துகளில் நேர்ந்தது. 2011ஆம் ஆண்டில் இவ்வகை இறப்புகள் 10,000க்குச் சற்றுக் கீழே குறைந்தன.

இக்குறைவு எவ்வாறு ஏற்பட்டது? சட்டத்தின் கடுமையே காரணம் என்பர் ஒரு சாரார். மக்களின் மனமாற்றமே காரணம் என்பர் மற்றொரு சாரார். இவ்விரு விளக்கங்களும் தனித்து நின்றால் முழுமை பெறா என்பதைப் பதின்ம வயதினர் தொடர்பான சட்டங்களின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது. இங்குப் பதின்ம வயதினர் எனக் குறிக்கப்படுவோர், ஓட்டுநர் உரிமம் பெறத் தொடங்கும் 16 வயது முதல் 19 வயது வரையிலான இளைஞர்கள். சட்டங்கள் 21 வயதை எல்லையாகக் கொண்டமையால் 20 வயதினரும் இவ்வாய்வில் அடங்குவர்.

1. அளவீடு இல்லாச் சட்டத்தின் வலுவின்மை

குடித்துவிட்டு வாகனம் ஓட்டுதல் குற்றம் என்னும் சட்டம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அமெரிக்காவில் தோன்றிவிட்டது. எனினும் ஒருவர் போதையில் இருந்தார் என்பதை எவ்வாறு மெய்ப்பிப்பது என்ற வினாவுக்கு விடை இல்லை. தள்ளாட்டம், வாய் குழறல், மதுவின் நாற்றம் ஆகியவற்றைக் காவலர் கூற்றாக எடுத்துரைத்தால் அவற்றை மறுப்பது வழக்கறிஞர்க்கு எளிதாக இருந்தது.

இந்நிலையை அறிவியல் மாற்றியது. இந்தியானா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோலா ஹார்கர், மூச்சுக் காற்றிலிருந்து மதுவின் அளவைக் கணக்கிடும் கருவியை 1930களில் உருவாக்கினார். 1954இல் ராபர்ட் போர்கன்ஸ்டைன் அதனினும் எளிய மூச்சுப் பரிசோதனைக் கருவியை அமைத்தார். இந்தியானா மாநிலம் 1939இல் குருதி ஆல்ககால் அளவு 0.15 விழுக்காடு என்பதைச் சட்டத்தில் சேர்த்தது. இன்றைய அளவோடு ஒப்பிட்டால் இது ஏறத்தாழ இரு மடங்கு. நார்வே 1936லேயே 0.05 என்ற அளவை வகுத்திருந்தது என்பதை நோக்க, அமெரிக்கச் சட்டம் எந்த அளவுக்குக் குடிப்பவர்க்கு இடங்கொடுத்தது என்பது புலனாகும்.

பிரிட்டன் 1967இல் சாலைப் பாதுகாப்புச் சட்டத்தின் வழி 100 மில்லிலிட்டர் குருதியில் 80 மில்லிகிராம் என்ற வரம்பையும் மூச்சுப் பரிசோதனையையும் கொண்டுவந்தது. தொடக்கத்தில் இரவு நேர விபத்துகள் பெருமளவு குறைந்தன. ஆனால் அக்குறைவு நீடிக்கவில்லை. இதனை ஆராய்ந்த சமூகவியலாளர் லாரன்ஸ் ராஸ், 1982இல் வெளியிட்ட நூலில் ஒரு முக்கியக் கருத்தை முன்வைத்தார். புதிய சட்டத்தைப் பற்றிய பேச்சு மிகுந்திருந்தபோது, பிடிபடுவோம் என்று மக்கள் அஞ்சினர். பிடிபடும் வாய்ப்பு உண்மையில் குறைவு என்பதைப் பட்டறிவால் உணர்ந்ததும் பழைய வழக்கத்துக்குத் திரும்பினர். தண்டனையின் கடுமையைக் காட்டிலும், பிடிபடுவோம் என்ற உறுதியே மனிதரைத் தடுக்கிறது என்பது இதன் சாரம். சட்டம் பயன்தர, அது இயங்குகிறது என்ற அறிவு மக்களிடம் நிலைத்திருக்க வேண்டும். விழிப்புணர்வு என்பது அறிவுரை மட்டும் அன்று. சட்டத்தின் ஒரு பகுதியே என்னும் கருத்துக்கு இதுவே அடிப்படை.

2. வயது குறைந்ததும் உயர்ந்ததும்

1933இல் மதுவிலக்கு நீக்கப்பட்டபோது, அமெரிக்க அரசமைப்பின் 21ஆவது திருத்தம் மதுக் கட்டுப்பாட்டு அதிகாரத்தை மாநிலங்களுக்கு வழங்கியது. பெரும்பாலான மாநிலங்கள் மது வாங்கும் வயதை 21 என வரையறுத்தன. அக்காலத்தில் வாக்களிக்கும் வயதும் 21தான்.

வியட்நாம் போர் இக்கணக்கைக் கலைத்தது. 18 வயதில் படைக்கு அழைக்கப்படும் இளைஞனுக்கு வாக்குரிமை ஏன் இல்லை என்ற வினா வலுத்தது. 1971 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 26ஆவது திருத்தம் வாக்களிக்கும் வயதை 18 ஆக்கியது. போருக்குச் செல்லவும் வாக்களிக்கவும் தகுதியுடையவர் ஒரு குவளை பீர் வாங்கத் தகுதியற்றவரா என்ற வாதம் அதனைத் தொடர்ந்தது. 1970 முதல் 1975 வரையிலான காலத்தில் 29 மாநிலங்கள் மது வாங்கும் வயதைக் குறைத்தன. இது மதுக்கடைக்காரர்களின் சூழ்ச்சியால் நேர்ந்ததன்று. உரிமை பற்றிய நேர்மையான வாதத்தின் விளைவு என்பதை ஆய்வாளர் மறத்தலாகாது.

ஆனால் விளைவு வேறாக அமைந்தது. வயதைக் குறைத்த மாநிலங்களில் இளம் ஓட்டுநர்களின் விபத்துகள் கூடியதைப் பல ஆய்வுகள் காட்டின. மிச்சிகன் மாநிலம் இதற்குச் சிறந்த சான்றாகும். அங்கு 1972இல் வயது 18ஆகக் குறைக்கப்பட்டது. 1978 நவம்பரில் நடந்த மக்கள் வாக்கெடுப்பின் வழி மீண்டும் 21 ஆனது. அலெக்சாண்டர் வாகனார் முதலானோர் இவ்விரு மாற்றங்களையும் விபத்துப் பதிவுகளோடு ஒப்பிட்டு ஆராய்ந்தனர். வயதைக் குறைத்தபின் இளைஞர் விபத்துகள் கூடின, உயர்த்தியபின் குறைந்தன. ஒரே மண்ணில் இருமுறை நடந்த இச்சோதனை பிற மாநிலங்களுக்கும் எடுத்துக்காட்டாயிற்று.

மற்றொரு சிக்கல் எல்லைப்புறங்களில் எழுந்தது. 1983இல் நியூ ஜெர்சியில் வயது 21. அண்டை மாநிலமான நியூயார்க்கில் 19. இளைஞர்கள் எல்லை கடந்து சென்று குடித்துவிட்டு, இரவில் தாமே வண்டியோட்டித் திரும்பினர். அத்தகைய எல்லைகளை ‘இரத்த எல்லைகள்’ என்றே அக்கால அரசியலாளர் அழைத்தனர். மாநிலந்தோறும் வெவ்வேறு வயது இருப்பது குடிப்பதைத் தடுக்காமல், குடித்தபின் ஓட்டும் தொலைவை நீட்டித்தது.

3. துயரத்திலிருந்து பிறந்த இயக்கம்

ஆய்வு முடிபுகள் மட்டும் சட்டத்தை மாற்றியிருக்க இயலாது. பாதிக்கப்பட்டவர்களின் குரலே அவற்றுக்கு அரசியல் வலுவைத் தந்தது. நியூயார்க் மாநிலத்தில் டோரிஸ் எய்க்கன் என்பவர் 1978லேயே குடிபோதை ஓட்டுநர்களுக்கு எதிரான குடிமக்கள் அமைப்பைத் தொடங்கியிருந்தார். 1980 மே மாதம் கலிபோர்னியாவின் ஃபேர் ஓக்ஸ் என்னும் ஊரில், சாலையோரம் நடந்து சென்ற 13 வயதுச் சிறுமி குடிபோதையில் வந்த ஓட்டுநரின் வண்டி மோதி இறந்தாள். அவ்வோட்டுநர் இதே வகைக் குற்றங்களுக்காக முன்பே பிடிபட்டவர். இரு நாள்களுக்கு முன்புதான் பிணையில் வெளிவந்தவர். சிறுமியின் தாய் கேண்டி லைட்னர் அவ்வாண்டே ‘குடிபோதை ஓட்டுநர்களுக்கு எதிரான தாய்மார்கள்’ என்னும் அமைப்பை நிறுவினார்.

இவ்வியக்கம் புள்ளிவிவரங்களுக்கு முகம் தந்தது. இறந்த குழந்தைகளின் படங்களோடு தாய்மார்கள் சட்டமன்றங்களுக்கும் நீதிமன்றங்களுக்கும் சென்றனர். குடித்துவிட்டு ஓட்டியவரைத் ‘தவறிவிட்ட நல்ல மனிதர்’ என இரக்கத்தோடு நோக்கிய நீதிபதிகள், எதிரே அமர்ந்திருக்கும் தாயையும் நோக்க வேண்டியவராயினர். சில ஆண்டுகளில் அமைப்பின் பெயரில் ‘ஓட்டுநர்கள்’ என்ற சொல் ‘ஓட்டுதல்’ என மாறியது. தீயவர் சிலருக்கு எதிரான போராட்டம், யாரும் செய்யக்கூடிய ஒரு செயலுக்கு எதிரான போராட்டமாக விரிந்ததை இப்பெயர் மாற்றம் உணர்த்துகிறது.

இங்கு ஒரு முரண் கவனிக்கத்தக்கது. இயக்கத்துக்குக் காரணமான விபத்தை நிகழ்த்தியவர் பதின்ம வயதினர் அல்லர். நாற்பது வயதைக் கடந்தவர். 1988இல் கென்டக்கி மாநிலத்தின் கேரல்டன் அருகே, குடித்துவிட்டு எதிர்த்திசையில் வந்த ஒருவரின் வண்டி பேருந்தின்மீது மோதியதில் 24 சிறார் உள்ளிட்ட 27 பேர் இறந்தனர். அதனை ஓட்டியவரும் முப்பது வயதைக் கடந்தவரே. நாட்டின் மனசாட்சியை உலுக்கிய நிகழ்வுகளில் குற்றவாளிகள் பெரியவர்கள். ஆனால் நாடு முழுமைக்கும் முதலில் வந்த கட்டுப்பாடோ இளைஞர்களுக்கானது.

4. நெடுஞ்சாலை நிதியும் கூட்டாட்சியும்

குடியரசுத் தலைவர் ரொனால்டு ரீகன் 1982 ஏப்ரலில் குடிபோதை ஓட்டுதல் பற்றிய ஆணையம் ஒன்றை அமைத்தார். மாசசூசெட்ஸ் மாநில முன்னாள் ஆளுநர் ஜான் வோல்ப்பி அதன் தலைவர். லைட்னரும் உறுப்பினராக இருந்தார். நாடு முழுவதும் 21 வயது வேண்டும் என்றும், ஏற்காத மாநிலங்களுக்கு நெடுஞ்சாலை நிதியை நிறுத்தலாம் என்றும் ஆணையம் 1983இல் பரிந்துரைத்தது.

மாநில உரிமையைத் தம் கொள்கையாகக் கொண்டிருந்த ரீகன் முதலில் இக்கட்டாயத்தை விரும்பவில்லை. நியூ ஜெர்சியின் செனட் உறுப்பினர் ஃபிராங்க் லாட்டன்பெர்க்கும் போக்குவரத்துச் செயலர் எலிசபெத் டோலும் இதனை வலியுறுத்தினர். 1984 ஜூலை 17 அன்று ரீகன் தேசியக் குறைந்தபட்ச மது வயதுச் சட்டத்தில் கையெழுத்திட்டார். இச்சட்டம் குடிப்பதை நேரடியாகத் தடை செய்யவில்லை. 21 வயதுக்குட்பட்டோர் மதுவை வாங்குவதையும் பொது இடத்தில் வைத்திருப்பதையும் அனுமதிக்கும் மாநிலத்துக்கு, நெடுஞ்சாலை நிதியில் முதலாண்டு 5 விழுக்காடும் அதன்பின் 10 விழுக்காடும் நிறுத்தப்படும் என்றது. 1988இல் வயோமிங் மாநிலமும் வயதை உயர்த்தியதோடு 50 மாநிலங்களும் இணங்கின.

19 வயதினர்க்கு 3.2 விழுக்காட்டு பீர் விற்க அனுமதித்திருந்த தெற்கு டகோட்டா மாநிலம் இச்சட்டத்தை எதிர்த்து வழக்குத் தொடுத்தது. 1987 ஜூனில் உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் சட்டம் செல்லும் எனத் தீர்ப்பளித்தது. பாதுகாப்பான சாலைப் பயணம் நெடுஞ்சாலை நிதியின் நோக்கங்களுள் ஒன்று என்றும், நிறுத்தப்படும் தொகை மாநிலத்தை வற்புறுத்தும் அளவுக்குப் பெரிதன்று என்றும் தலைமை நீதிபதி வில்லியம் ரென்குவிஸ்ட் கருதினார். மாறுபட்ட தீர்ப்பெழுதிய சாண்ட்ரா டே ஓ’கானர் வேறொன்றைச் சுட்டினார். வண்டியோட்டப் போகாத இளைஞரையும் இச்சட்டம் தடுக்கிறது. ஆனால் குடிபோதை ஓட்டுதலில் இளைஞரின் பங்கு ஒரு சிறு பகுதியே என்பது அவர் வாதம். மேற்கூறிய முரண் நீதிமன்றத்திலேயே இவ்வாறு பதிவாயிற்று.

ஓ’கானரின் வாதத்துக்கு விடை இல்லாமல் இல்லை. ஒரே அளவு மது அருந்திய இளையவரும் மூத்தவரும் சமமான இடரில் இல்லை. ஓட்டும் பழக்கமும் குடிக்கும் பழக்கமும் ஒரே பருவத்தில் தொடங்குவதால், குறைந்த அளவு மதுவே இளையவர்க்குப் பேரிடராகிறது. மேலும், 18 வயது நண்பர் கடையில் வாங்கும் மது 16 வயதினரின் கைக்கும் சென்று சேர்கிறது. எனவே வயது வரம்பு, குற்றம் செய்தவரைத் தண்டிக்கும் சட்டம் என்பதைவிட மது கிடைக்கும் வழியை அடைக்கும் சட்டமாகும். ஆனால், இந்த விடை இளைஞர்மீது வரம்பு வைத்ததை நியாயப்படுத்துமே அன்றிப் பெரியவர்களை விட்டுவைத்ததை நியாயப்படுத்தாது.

5. ‘ஒரு துளியும் கூடாது’ என்னும் சட்டங்கள்

வாங்கும் வயதை உயர்த்தியபின்னும் இடைவெளி ஒன்று எஞ்சியது. 21 வயதுக்குட்பட்டவர் மது வாங்கக் கூடாது. ஆனால் குடித்துவிட்டு ஓட்டினால் அவருக்கும் பெரியவர்க்குரிய 0.10 என்ற அளவே பல மாநிலங்களில் பொருந்தியது. வாங்கவே கூடாத பொருளைக் குறிப்பிட்ட அளவு குடித்து ஓட்டலாம் என்பது போன்ற பொருத்தமின்மை இது. மேய்ன் மாநிலம் 1983இல் இளம் ஓட்டுநர்க்கு 0.02 என்ற அளவை விதித்து இதற்கு வழிகாட்டியது. இவ்வகைச் சட்டம் இயற்றிய மாநிலங்களையும் இயற்றாத அண்டை மாநிலங்களையும் ஒப்பிட்ட ரால்ஃப் ஹிங்சன் குழுவினரின் 1994ஆம் ஆண்டு ஆய்வு, இளையோரின் இரவு நேர உயிரிழப்பு விபத்துகளின் பங்கு முன்னவற்றில் தெளிவாகக் குறைந்ததைக் காட்டியது. 1995இல் இயற்றப்பட்ட தேசிய நெடுஞ்சாலை அமைப்புச் சட்டம் மீண்டும் நிதியையே கருவியாக்கியது. 1998க்குள் எல்லா மாநிலங்களும் 21 வயதுக்குட்பட்டோர்க்கு 0.02 அல்லது அதனினும் குறைந்த வரம்பை ஏற்றன.

மேரிலாந்து மாநிலத்தின் பட்டறிவு இக்கட்டுரைக்கு மிக இன்றியமையாதது. 1980களின் இறுதியில் அங்கு இளையோர்க்கான 0.02 வரம்பு மாநிலம் முழுவதும் நடைமுறைக்கு வந்தது. சில மாவட்டங்களில் மட்டும் அச்சட்டத்தைப் பற்றிய சிறப்புப் பரப்புரை நடத்தப்பட்டது. மது அருந்திய இளைஞர்களின் விபத்துகள் மாநிலம் முழுவதும் குறைந்தன; ஆனால் பரப்புரை நடந்த மாவட்டங்களில் குறைவு மிகுதியாக இருந்தது. சட்டம் ஒன்றே, அதனை இளைஞர்கள் அறிந்த அளவே வேறுபட்டது.

தண்டனையின் உறுதியையும் விரைவையும் கூட்டும் வழிகளும் உடன் வளர்ந்தன. நீதிமன்றத் தீர்ப்புக்குக் காத்திராமல் ஓட்டுநர் உரிமத்தை நிர்வாக ஆணையால் பறிக்கும் முறையை மினசோட்டா 1976இல் தொடங்கிவைத்தது. சாலையில் வண்டிகளை நிறுத்திச் சோதிக்கும் முறை அரசமைப்புக்கு முரணன்று என 1990இல் உச்ச நீதிமன்றம் மிச்சிகன் வழக்கில் தீர்ப்பளித்தது. அவ்வழக்குக்குரிய சோதனையில் 126 வண்டிகள் நிறுத்தப்பட்டன. போதைக்காகக் கைதானவர் இருவர் மட்டுமே. எனினும் அச்சோதனையின் பயனைக் கைது எண்ணிக்கையால் மட்டும் அளக்க இயலாது. கடந்து சென்ற ஏனையோர் அனைவரும் ‘இங்குச் சோதனை உண்டு’ என்ற செய்தியோடு வீடு திரும்பினர்.

6. விழிப்புணர்வின் திசைமாற்றம்: ஓட்டுநரிடமிருந்து உடனிருப்பவரிடம்

போதையில் இருப்பவரிடம் ‘ஓட்டாதே’ என்று கூறுவதால் பயன் குறைவு. மது முதலில் மழுங்கச் செய்வது அவ்வறிவுரையைக் கேட்கும் அறிவைத்தான். 1980களின் விழிப்புணர்வுப் பணி இதனை உணர்ந்து, தெளிந்த நிலையில் உடனிருப்பவரை நோக்கிப் பேசத் தொடங்கியது.

மாசசூசெட்ஸின் வேலேண்ட் உயர்நிலைப் பள்ளியில் மாணவர் இருவர் விபத்துகளில் இறந்ததைத் தொடர்ந்து, ராபர்ட் அனஸ்டாஸ் 1981இல் குடிபோதை ஓட்டுதலுக்கு எதிரான மாணவர் அமைப்பைத் தொடங்கினார். ‘வாழ்வுக்கான ஒப்பந்தம்’ என்பது அதன் மையமாகும். தானோ தன்னை அழைத்துவந்தவரோ குடித்திருந்தால், எந்நேரமாயினும் வீட்டுக்குத் தொலைபேசியில் தெரிவிப்பதாகப் பிள்ளை உறுதி கூறும். எந்த இடத்துக்கும் வந்து அழைத்துச் செல்வதாகவும், அப்போது வாதிடாமல் பின்னரே பேசுவதாகவும் பெற்றோர் உறுதி கூறுவர். தாமும் குடித்தபின் ஓட்டுவதில்லை என்ற உறுதியையும் பெற்றோர் அளிக்க வேண்டும். சட்டம் இளைஞரிடம் மட்டும் கேட்டதை இவ்வொப்பந்தம் இரு தலைமுறையிடமும் கேட்டது. இது குடிப்பதை மறைமுகமாக ஏற்பதாகும் என்ற குறையும் கூறப்பட்டது. எனினும் தண்டனைக்கு அஞ்சி மறைக்கும் பிள்ளையைவிட உதவி கேட்கும் பிள்ளை உயிரோடு திரும்பும் வாய்ப்பு மிகுதி என்பதே அதன் அடிப்படை எண்ணம்.

1988இல் ஹார்வர்டு பொதுநலப் பள்ளியைச் சேர்ந்த ஜே வின்ஸ்டன், ஸ்காண்டிநேவிய நாடுகளில் வழக்கிலிருந்த ஒரு முறையை அமெரிக்காவில் பரப்ப முனைந்தார். கூடிக் குடிக்கும் குழுவில் ஒருவர் அன்று குடிக்காமல் இருந்து மற்றவர்களை வீடு சேர்ப்பதே அம்முறை. ஹாலிவுட் நிறுவனங்களும் தொலைக்காட்சி நிலையங்களும் இதற்குத் துணைநின்றன. அடுத்த சில ஆண்டுகளில் 160க்கும் மேற்பட்ட தொலைக்காட்சி நிகழ்ச்சிகளில் இக்கருத்து கதையோடும் உரையாடலோடும் இணைக்கப்பட்டது. அறிவுரையாக வராமல் வழக்கமாகக் காட்டப்பட்டமையே இதன் வெற்றிக்குக் காரணம் எனலாம்.

7. மறுப்புகளும் மதிப்பீடும்

உயர்நிலைப் பள்ளி மாணவருள், கருத்தெடுப்புக்கு முந்தைய 30 நாள்களில் குடித்துவிட்டு ஓட்டியதாகக் கூறியோர் 1991இல் 22.3 விழுக்காடாக இருந்து 2011இல் 10.3 விழுக்காடாகக் குறைந்தனர். வயது வரம்புச் சட்டங்கள் 1975 முதல் 30,000க்கும் மேற்பட்ட உயிர்களைக் காத்தன என்பது தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்தின் மதிப்பீடு.

இம்மதிப்பீட்டை ஐயுறுவோரும் உளர். மது வயது 18 அல்லது 19ஆகவே நீடித்த கனடாவிலும் இதே காலத்தில் இளைஞர் இறப்புகள் குறைந்தன என்பது அவர்களது வலுவான வாதம். இருக்கைப் பட்டை, மேம்பட்ட வாகனங்கள், படிப்படியாக வழங்கப்படும் ஓட்டுநர் உரிமம் ஆகியனவும் பங்காற்றின. 21 வயது வரம்பு குடியை மறைவிடங்களுக்குத் தள்ளிவிட்டது எனக் கூறி, மறுவிவாதம் கோரிக் கல்லூரித் தலைவர்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் 2008இல் கையெழுத்திட்டனர். சமூகவியலாளர் ஜோசப் கஸ்ஃபீல்டு 1981லேயே இன்னும் ஆழமான குறையைச் சுட்டியிருந்தார்: சிக்கலைத் தனிமனித ஒழுக்கக் கேடாக மட்டும் காண்பது, காரின்றி வீடு திரும்ப வழியில்லாத ஊரமைப்பையும் போக்குவரத்தையும் மறைத்துவிடுகிறது.

இவ்வாதங்கள் வயது வரம்பு மட்டுமே காரணம் என்ற கூற்றை மறுக்கின்றனவே அன்றி, அதற்குப் பங்கே இல்லை என மெய்ப்பிக்கவில்லை. மிச்சிகனில் வரம்பு இறங்கியபோதும் ஏறியபோதும் விபத்துகள் எதிர்த்திசையில் நகர்ந்தமை வேறு காரணங்களால் எளிதில் விளக்கப்படுவதன்று. கனடாவின் பட்டறிவும் சட்டம் தேவையில்லை என்று காட்டவில்லை. பரவலான விழிப்புணர்வும் ஓட்டுநர்க்கான கட்டுப்பாடும் உள்ள இடத்தில் வேறு வழியாகவும் அதே இலக்கை நெருங்கலாம் என்றே காட்டுகிறது.

முடிவுரை

மேற்கண்ட வரலாற்றிலிருந்து மூன்று முடிபுகள் பெறப்படுகின்றன. முதலாவதாக, தண்டனையின் கடுமையைவிட அதன் உறுதியும், அவ்வுறுதியைப் பற்றிய மக்களின் அறிவுமே இளைஞரைத் தடுத்தன. பிரிட்டனில் விளைவு தேய்ந்ததும் மேரிலாந்தில் விளைவு வளர்ந்ததும் இதன் இரு பக்கங்கள். இரண்டாவதாக, விழிப்புணர்வு போதையிலிருப்பவரை விட்டு நண்பரையும் பெற்றோரையும் நோக்கித் திரும்பியபோதே நடைமுறை வழியாக மாறியது. மூன்றாவதாக, சமூகம் தனக்குத் தேவையான கட்டுப்பாட்டை எதிர்க்கும் வலுக் குறைந்த வயதினர்மீது முதலில் வைத்தது. 21 வயது வரம்பைக் கூட்டாட்சி அரசு 1984இல் வலியுறுத்தியது, பெரியவர்களுக்கான 0.08 வரம்பை நிதியின் வழி வலியுறுத்திய சட்டம் 2000த்தில்தான் வந்தது. எல்லா மாநிலங்களும் அதனை ஏற்க 2004 வரை ஆயிற்று.

இளைஞர்க்கான சட்டம் உயிர்களைக் காத்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் 13 வயதுச் சிறுமியைக் கொன்ற ஓட்டுநரைப் போன்றவர்களை நெருங்க அச்சமூகத்துக்கு மேலும் பதினாறு ஆண்டுகள் தேவைப்பட்டன. ‘வாழ்வுக்கான ஒப்பந்தம்’ பிள்ளையின் கையெழுத்தோடு பெற்றோரின் கையெழுத்தையும் கேட்டது. சட்டம் அதே சமநிலையை எட்டக் காலம் எடுத்துக்கொண்டது. இளையோரைக் காக்க முனையும் எந்தச் சட்டத்தையும் மதிப்பிடுகையில், அது மூத்தோரிடம் என்ன கேட்கிறது என்பதையும் ஆய்வாளர் உடன் வினவுதல் வேண்டும்.